மூன்று மணி வெயிலும் இம்பார்ஷியல் என்ற வார்த்தையும்

ஆம்பூரில் ஒரு தோல் டேனரியில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக நான் சேர்ந்தபோது எனக்கு வயது இருபது. கையில் எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட், பையில் ஒரு நோட்டுப் புத்தகம். வேலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே அந்த நோட்டில் இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் அதற்குத் தமிழ். அநேக வார்த்தைகள் ஒரு தமிழ் வார்த்தைக்குள் சாதுவாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்று மட்டும் உட்கார மறுத்தது. இம்பார்ஷியல்.

அகராதி சொன்னபடி முதலில் 'பட்சபாதமில்லாத' என்று எழுதினேன். அடித்தேன். 'ஓரவஞ்சனை இல்லாத' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இரண்டும் எது இல்லை என்று சொல்லுகின்றனவே தவிர, என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. 'நடுநிலை' என்று எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர்கூட வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் வாத்தியார் அந்த வார்த்தையை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார். 'சூரியன் இம்பார்ஷியல், கலெக்டர் பங்களாவின் மேலும் குடிசையின் மேலும் ஒரே மாதிரி காய்கிறது' என்று இங்கிலீஷில் எழுதினேன். அவர் ஓரத்தில் 'குட்' என்று போட்டார். அந்த 'குட்'டை இரண்டு நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டேனரியில் எனக்கு 'இங்கிலீஷு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை முதலில் வைத்தவன் என் தோஸ்த். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன். வீட்டில் உருது, எங்களோடு தமிழ், சண்டை வந்தால் இரண்டும். சாயாக் கடையில் ஒரு பன்னை இரண்டாகப் பிய்த்துத் தின்று பழகிய சிநேகம்.

அவன் செய்தது செலக்ஷன் வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி, எண்ணெய் தடவிக் காய்ந்து வரும் ஆட்டுத்தோல்களை ஒன்றாம் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிக்க வேண்டும். இடது கையால் கழுத்துப் பக்கத்தைத் தூக்குவான். வலது கட்டைவிரல் முதுகு வழியாக ஒரே ஓட்டமாக ஓடி வயிற்றுப் பக்கம் இறங்கும். தோல் ஒரு தடவை வெளிச்சத்தில் புரளும். அவ்வளவுதான், அது எந்த அடுக்குக்கு என்று முடிவாகிவிடும். முள் கீறினது, உண்ணி கடித்தது, அம்மை வடு, உரித்தவன் கத்தி இறங்கின இடம், ஒன்றும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அவன் போட்ட தரத்தை நம்பித்தான் மெட்ராஸ் கம்பெனி எங்கள் கட்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் கப்பலேற்றியது.

எங்கள் தோல்களோடு பேர்ணாம்பட்டுப் பக்கத்துச் சின்ன டேனரிக்காரர்களின் தோல்களும் இங்கே வந்துதான் தரம் பிரிந்து கட்டாகும். யாருடையது என்று தெரிவதற்கு அவரவர் வால் பக்கத்தில் ஓட்டை குத்தி அனுப்புவார்கள். ஒருவருக்கு ஒரு ஓட்டை, ஒருவருக்கு வரிசையாக இரண்டு. முக்கோணமாக மூன்று ஓட்டை என்றால் அது என் தோஸ்தின் அக்கா புருஷனுடைய சரக்கு.

வம்பு அங்கிருந்துதான் வந்தது.

நான் சேர்ந்து நாலாவது வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு வியாழக்கிழமை மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. முதலாளி சாயபுவுக்கு இங்கிலீஷ் வராது. நான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். முக்கோண ஓட்டை அடையாளமுள்ள தோல்கள் தகுதிக்கு மேல் ஒன்றாம் தரத்தில் வைக்கப்படுவதாக உங்கள் ஊரிலிருந்தே எங்களுக்குப் பேச்சு வந்திருக்கிறது. ஆகவே ஒரு இம்பார்ஷியல் மனிதரை வைத்துச் சோதித்துப் பதில் எழுதவும். இதுதான் சாரம்.

"அந்த மன்ஷன் எப்படிப்பட்டவன்? என்னமோ சொன்னியே" என்று கேட்டார் சாயபு.

"இம்பார்ஷியல், சாயபு. யார் பக்கமும் சாயாதவன்."

"நம்ம ஊர்லயா?" என்று சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பேச்சு போயிருக்குன்னா யாரோ கொண்டு போயிருக்கான். அத வுடு. ஒன் தோஸ்த் அப்டி செஞ்சிருந்தா இன்னியோட அவன் வேல போச்சு. இந்தக் கோடியில ராணிப்பேட்டை, அந்தக் கோடியில வாணியம்பாடி. நடுவுல ஒருத்தன் அவன வாசப்படி ஏத்த மாட்டான். செலக்ஷன் செய்றவனுக்குக் கை ரெண்டாவது, பேரு மொதல்ல."

பேச்சைக் கொண்டுபோனது யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பட்டைக் கிடங்கு மேஸ்திரி தன் மருமகனைச் செலக்ஷனில் உட்கார வைக்க ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சந்தேகத்தை நான் வெளியே விடவில்லை. அதைவிட வேகமாக வேறொன்று என் வாயிலிருந்து வந்தது.

"நான் சோதிக்கிறேன், சாயபு."

"நீயா? நீ அவன் தோஸ்தாச்சே."

"அதனாலதான். எனக்கு இம்பார்ஷியலா இருக்கத் தெரியும்."

இன்றைக்கு அதை எழுதும்போது கன்னம் சுடுகிறது. அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

என் திட்டம் இது. அவன் ஏற்கெனவே தரம் பிரித்த அடுக்குகளிலிருந்து கலந்து நாற்பது தோல் எடுப்பது. அவற்றில் ஒன்பது மூன்று ஓட்டைத் தோல். பின்பக்கத்தில் அவன் போட்ட சாக்கட்டிக் குறியை அழிப்பது. வால் பக்கத்தை மடித்து, ஓட்டை தெரியாமல் சாக்குத் துணியால் தைத்துவிடுவது. ஒவ்வொன்றுக்கும் எண் சீட்டு. எந்த எண்ணுக்கு எந்த அடையாளம், முதலில் என்ன தரம் என்பது என் காகிதத்தில் மட்டும். பிறகு அவனையே மறுபடி தரம் பிரிக்கச் சொல்வது. யார் தோல் என்று தெரியாதபோதும் அதே தரம் வந்தால் அவன் நேர்மையானவன். வராவிட்டால், வராததுதான் பதில். சாயபு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படிச்சவன் மூளை" என்றார். வெள்ளிக்கிழமை முழுவதும் விரல் புண்ணாகத் தைத்தேன்.

சோதனை சனிக்கிழமை மூன்று மணிக்கு. சாயபு தொழுகையும் சாப்பாடும் முடிந்து வரக்கூடிய நேரம் அதுதான். வழக்கமாகச் செலக்ஷன் நடக்கும் வடக்குப் பார்த்த ஷெட்டில், மழையில் காயாத தோல்கள் தரையெல்லாம் விரித்துக் கிடந்தன. ஆகவே மேற்கு வெராண்டா. சேதி பரவி, வேலையை விட்டு ஒரு கூட்டமே வந்துவிட்டது. மேஸ்திரி வெற்றிலையை மடித்தபடி முன்னால் நின்றார். செம்மறித் தோலில் ரோமம் பறிக்கும் பெண்கள் ஈரக் கையோடு தூணோரம் நின்றார்கள். அவர்களில் வாய் பெரிய அக்கா ஒருத்தி இருந்தாள்.

"இங்கிலீஷு, தோலுக்கெல்லாம் கோமணம் கட்டி வுட்டுக்கிற. இன்னா வெக்கமா அதுங்களுக்கு?" என்றாள். கூட்டம் சிரித்தது.

தோஸ்த் வந்தான். தோல் அடுக்கைப் பார்த்தான். அப்புறம் தோலைப் பார்க்கவில்லை, வெராண்டாவைப் பார்த்தான். மழைக்குப் பிறகு வந்த வெயில், சாய்ந்து, மஞ்சளாக, வெராண்டாவின் பாதி வரை ஏறியிருந்தது.

"இந்த வெளிச்சத்துல வேணாம் தோஸ்த்" என்றான் என்னிடம், சாதாரணமாக. "காலைல வட ஷெட்ல வச்சுக்கலாம். நான் தோலுங்கள நகத்திக் குடுக்கறேன்."

கூட்டம் என்னைப் பார்த்தது. மேஸ்திரி பார்த்தார். சாயபு பார்த்தார். அவன் என்னைத் தோஸ்த் என்று கூப்பிட்டதுதான் என் காதில் பெரிதாக விழுந்தது. சலுகை கேட்கிறான், நான் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று ஓடியது புத்தி.

"ஒனக்காக நேரத்த மாத்த முடியாது" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எல்லாருக்கும் ஒரே வெளிச்சம்தான்."

சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து இதை எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. சிநேகத்தை அறுத்து எறிகிற தைரியம் எனக்கு இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற சந்தோஷம்.

 அவன் உட்கார்ந்து முதல் தோலைத் தூக்கினான். வழக்கமாக ஒரு தடவை புரளும் தோல் அன்று மூன்று தடவை, நாலு தடவை புரண்டது. கையால் வெயிலை மறைத்துப் பார்த்தான். தோலைத் தன் நிழலுக்குள் இழுத்துப் பார்த்தான். நான் பக்கத்தில் நின்று எண்ணும் தரமும் குறித்துக்கொண்டே இருந்தேன்.

முடிவு வந்தது. நாற்பதில் பதினெட்டு மாறியிருந்தன. மூன்று ஓட்டைத் தோல் ஒன்பதில் நாலு ஒன்றாம் தரத்திலிருந்து இரண்டுக்கு இறங்கியிருந்தன. அந்த நாலையும் நான் உரக்கப் படித்தேன்.

"நான் சொல்ல வேண்டாம், காகிதமே சொல்லுது" என்றார் மேஸ்திரி.

சாயபு அவன் பக்கம் திரும்பினார். "புதன்கிழமை வரைக்கும் பாரு. அதுக்குள்ள வேற எடம் தேடிக்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். புதன்கிழமை மெட்ராஸுக்குப் பதில் போக வேண்டும்.

என் தோஸ்த் எழுந்து கையைத் துடைத்தான். "நல்ல வார்த்த கத்துக்கினு வந்த, போ" என்று மட்டும் சொன்னான். அன்றைக்குச் சாயாக் கடையில் பன்னை யாரும் பிய்க்கவில்லை. முழுப் பன்னும் என் முன்னால் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு கடிதத்தின் நகலைத் தயார் செய்யப் போனேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மாறின பதினெட்டில் நாலுதான் மூன்று ஓட்டை. மீதிப் பதினாலு மற்றவர்களுடையவை. ஒரு ஓட்டைக்காரரின் தோல்கள், வரிசையாக இரண்டு ஓட்டைக்காரரின் தோல்கள், எங்கள் சொந்தத் தோல்கள், எல்லாவற்றிலும் சில இறங்கியிருந்தன. இரண்டு ஏறிக்கூட இருந்தன. மச்சானுக்காக அவன் சாய்ந்திருந்தால் மூன்று ஓட்டை மட்டுமல்லவா இறங்க வேண்டும்? எல்லார் தோலும் ஏன் மாறின? இந்தக் கேள்வியை நேற்றே கேட்டிருக்க வேண்டியவன் நான். ஆனால் நேற்று ஒன்பது தோலை மட்டும்தான் தேடினேன். நாலைக் கண்டதும் நின்றுவிட்டேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தனியாக மேற்கு வெராண்டாவில் போய் உட்கார்ந்தேன். இறங்கின தோல்களில் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். சாய்ந்த வெயிலில் தோலின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் விழுந்து, உடம்பெல்லாம் கீறலாகத் தெரிந்தது. எனக்கே அது மூன்றாம் தரம் என்று தோன்றியது. அதே தோலை மறுநாள் காலை ஏழரைக்கு வட ஷெட் ஜன்னலோரம் கொண்டுபோனேன். வெயில் படாத, வெறும் வெளிச்சம் மட்டும் வருகிற ஜன்னல். கீறல்களைக் காணோம். திருப்பினேன், சாய்த்தேன். ஒரே ஒரு உண்ணிக் கடி, வால் பக்கத்தில், கடுகு அளவு. மற்றதெல்லாம் பளிங்கு.

எல்லோர் மேலும் ஒரே மாதிரி காய்கிறது என்று எழுதி 'குட்' வாங்கிய வெயில்தான் அது. ஒரே மாதிரிதான் காய்ந்தது, எல்லாத் தோலையும் ஒரே மாதிரி கெடுத்தது.

ஆனால் வெயிலைத் திட்டி என்ன பயன்? வெளிச்சம் சரியில்லை என்று அதை அறிந்தவன் என்னிடம் வாய்விட்டுச் சொன்னான். வேறு யாராவது, முகம் தெரியாத ஒருவன், அதைச் சொல்லியிருந்தால் 'சரி, காலையில் வைப்போம்' என்றிருப்பேன். சொன்னவன் என் தோஸ்த் என்பதால் மறுத்தேன். அவன் பக்கம் சாயக் கூடாது என்று இழுத்த இழுப்பில் அந்தப் பக்கம் போய் விழுந்திருந்தேன். அதற்கும் சாய்வு என்றுதான் பெயர்.

மறுபடி சோதனை வைத்தே தீர வேண்டும். ஆனால் எப்படி? நான் வைத்தால் தோஸ்துக்காக வைத்தேன் என்பார்கள். சொல்லுவது நியாயமும்கூட. இதை யோசித்துக்கொண்டு பாலாற்று மணலில் இறங்கி நடந்தேன். ரோமம் பறிக்கும் பெண்கள் அலசுவதற்காக ஈர ரோமத்தைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு ஊறின ரோமம் பிண கனம் கனக்கும். கூறு சமமாக இல்லாவிட்டால் ஒருத்திக்கு இடுப்பு போகும். அன்று கூறு போட்டது வாய் பெரிய அக்கா. தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒன்றில் கொஞ்சம் கிள்ளி இன்னொன்றில் போட்டு, ஐந்து கூறு வைத்தாள். வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மற்ற நாலு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சின ஐந்தாவதை அவள் தூக்கிக்கொண்டாள்.

"இன்னா வேடிக்க பாக்கற, இங்கிலீஷு? இதுக்கும் கோமணம் கட்டப் போறியா?"

"ஏன் அக்கா நீங்க கடைசியா எடுக்கறீங்க?"

"பின்ன? கூறும் நானே போட்டு, மொதல்லயும் நானே எடுத்தா இவளுங்க என்ன ஆத்துல முக்கிடுவாளுங்க!"

போடுகிற கை வேறு, முதலில் எடுக்கிற கை வேறு. நான் திரும்பி ஓடினேன். நிஜமாகவே ஓடினேன்.

சாயபு கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லை எனக்கு.

"சாயபு, சனிக்கிழம சோதனை தப்பு. தப்பு பண்ணவன் நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பதினாலு தோலைச் சொன்னேன், வெளிச்சத்தைச் சொன்னேன், அவன் கேட்டதையும் நான் ஏன் மறுத்தேன் என்பதையும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதுதான் நாக்கில் கஷ்டமாக வந்தது.

அவர் கண்ணைச் சுருக்கினார். "அரே, நாளைக்கு இதுலயும் தோத்தான்னா மூணாவது ஒண்ணு கேப்ப. இது பேஜார் வேலப்பா."

"கேக்க மாட்டேன். இந்தத் தடவ நான் தொடவே மாட்டேன். மேஸ்திரி தோல் எடுக்கட்டும், மேஸ்திரி தைக்கட்டும், அவர்கிட்டயே காகிதம் இருக்கட்டும். நேரமும் எடமும் மட்டும் தரம் பிரிக்கிறவன் சொல்லட்டும்."

"மேஸ்திரியா? அவன் இவனுக்கு வேண்டாதவனாச்சே!"

"அதனாலதான் சாயபு."

வியாழக்கிழமை இதே வார்த்தையைச் சொன்னபோது இருந்த நிமிர்வு இப்போது இல்லை.  ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

"வட ஷெட்ல தோல் கெடக்குது. ஒன் சோதனைக்காக நான் ஆளு வுட மாட்டேன்."

"நானே காலி பண்றேன்."

"இதுல அவன் போனா நீயும் போவியா?"

"போறேன்."

அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "இவங்க அப்பன் பதினஞ்சு வருஷம் சுண்ணாம்புக் குழியில நின்னான். ஒரு நாளு எதுத்துப் பேசல. படிக்க வெச்சான், பாரு" என்றார். திட்டினாரா மெச்சினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சரி. செவ்வாக்கிழம காலைல. அதோட முடிஞ்சுது" என்றார்.

தோஸ்தைத் தேடிக்கொண்டு மசூதித் தெருச் சாயாக் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் எதிரில் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன்.

"அத மடிச்சு பாக்கெட்ல வை" என்றான். "நாலு வருஷமா ஒன்கிட்ட நான் எதுனா கேட்டுருக்கேனா? அன்னிக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அதுவும் எனக்காகவா கேட்டேன்? தோலுக்காகக் கேட்டேன்."

"தெரியுது."

"இப்பத் தெரியுது."

"நேரமும் எடமும் நீ சொல்லு. மேஸ்திரி தைக்கிறாரு."

மேஸ்திரி என்றதும் நிமிர்ந்து பார்த்தான். முதல்முறையாக அவன் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "அவரா? அப்ப ஜாஸ்தி கெட்டியாவே தைப்பாரு." சாயாவை ஒரே மடக்கில் குடித்தான். "ஏழரை மணி. வட ஷெட், கெழக்கு ஓரத்துலருந்து ரெண்டாவது ஜன்னல். தரையில சாக்கு போடு, வெள்ளத் துணி வேணாம், கண்ணு கூசும்." எழுந்து போய்விட்டான்.

அன்றைக்கே, திங்கட்கிழமை இருட்டும்வரை, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஷெட்டைக் காலி செய்தேன். ஈரத் தோல் ஒவ்வொன்றும் மூங்கில் கழியில் ஏறுவதற்குள் தோள்பட்டை இற்றுப்போயிற்று. மதியத்துக்கு மேல் ரோமக்காரப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "பேனா புடிக்கிற கையி, பாவம்" என்று ஒருத்தி உச்சுக் கொட்டினாள். "பாவமாவது, அவங்க அப்பனாட்டம் தூக்குறான் பாருடி" என்றாள் வாய் பெரிய அக்கா. திட்டிக்கொண்டே ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு நடை தூக்கிக் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேஸ்திரி நாற்பது தோலோடு வந்தார். அவற்றில் மூன்று ஓட்டை பத்து இருந்ததாகப் பிறகு தெரிந்தது. அவர் தையல் என்னுடையதைவிட மூன்று மடங்கு நெருக்கம். நான் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தோஸ்த் ஜன்னலோரம் சாக்கில் உட்கார்ந்தான். முதல் தோல் ஒரே தடவை புரண்டது. எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவது, மூன்றாவது, அந்தக் கட்டைவிரல் அதன் பழைய ஓட்டத்தில் ஓடியது. அரை மணியில் நாற்பதும் மூன்று அடுக்காயிற்று.

மேஸ்திரி தானே தையலைப் பிரித்து, தன் காகிதத்தைத் தானே படித்தார். படிக்கப் படிக்கக் குரல் தாழ்ந்தது. நாற்பதில் முப்பத்தேழு முன்பு இருந்த தரத்திலேயே இருந்தன. மாறினது மூன்று. அந்த மூன்றில் ஒன்றுக்கு வந்ததும் குரல் ஏறியது.

"இந்தா! மூணு ஓட்ட! முன்னாடி ஒண்ணாம் தரம், இப்ப ரெண்டாம் தரம்! பாத்துக்கங்க சாயபு!"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றுதானே, பத்தில் ஒன்று, மற்றவர்களுக்கும் இரண்டு மாறியிருக்கிறது என்று சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. தோஸ்த் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். அந்தத் தோலை வாங்கி ஜன்னலில் பிடித்தான். திருப்பினான். வயிற்றுப் பக்கத்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தடவினான்.

"மேஸ்திரி சொல்றது சரி" என்றான். "இது ரெண்டாம் தரம்தான். வயித்துல சத்து கம்மி. மொதத் தடவ நான் ஒண்ணுல போட்டேன். மச்சான் ஓட்டையப் பாத்த கண்ணு கொஞ்சம் எளகியிருக்கும். இல்லன்னு எப்படிச் சொல்றது?"

 எதிராளியைத் தோற்கடிக்க வந்த மேஸ்திரி, அவனே ஒப்புக்கொண்டதும் வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்தார்.

"மறுபடி செய்வியா?" என்று கேட்டார் சாயபு.

"ஓட்ட தெரிஞ்சா செய்வேனோ இன்னாவோ, சாயபு. தெரியாமப் பண்ணுங்க. இனிமே வர்ற தோலுக்கெல்லாம் வாலத் தச்சே என்கிட்ட அனுப்புங்க. யாரு தைக்கிறதுன்னா..." மேஸ்திரி பக்கம் திரும்பினான். "இவரே தைக்கட்டும். இவருக்கு என்மேல கண்ணு ஜாஸ்தி."

சாயபு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் வேலை நிலைத்தது.

புதன்கிழமை மெட்ராஸுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். 'இம்பார்ஷியல் மனிதர் ஒருவரால் சோதிக்கப்பட்டது' என்று அவர்கள் வார்த்தையிலேயே ஒரு வரி எழுதினால் போதும். பேனாவைத் தோய்த்தேன். யார் அந்த மனிதர்? நானா? நான் இல்லை. மேஸ்திரியா? நிச்சயமாக இல்லை. தன் கண் இளகியது என்று சொன்னானே, அவனா? அவனே இல்லை என்கிறான். எங்கள் டேனரியில் அப்படி ஒரு மனிதர் கிடையாது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் அந்த ஷெட்டுக்குள் அந்த வார்த்தை இருந்தது, நான் பார்த்தேன்.

கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதல் சோதனை என் பிழையால் கெட்டது. இரண்டாவதில் அடையாளத்தை மறைத்தவர் தரம் பிரிப்பவருக்கு வேண்டாதவர். வெளிச்சத்தைத் தேர்ந்தவர் வேலையைத் தெரிந்தவர். ஒரு தோலில் தவறு இருந்தது, அதை அவரே சொன்னார். இனி எல்லாத் தோலும் அடையாளம் மறைத்தே தரம் பிரிக்கப்படும். சாயபுவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"ஒன் பிழைய ஏன் எழுதற? அத எடுத்துடு."

"எடுத்தா மொதல் சோதனை ஏன் தப்புன்னு அவங்களுக்குப் புரியாது, சாயபு."

"பிடிவாதக்காரன்" என்று கையெழுத்துப் போட்டார். பத்து நாள் கழித்து, இதே முறையில் தொடரவும் என்று இரண்டு வரிப் பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த அன்று சாயாக் கடையில் தோஸ்த் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பன் ஒன்று சொன்னான். இரண்டாகப் பிய்த்து என் முன்னால் தள்ளினான். கையை நீட்டினேன், மணிக்கட்டைத் தட்டினான்.

"பிச்சது நீயா நானா?"

"நீ."

"அப்ப மொதல்ல எடு. பாத்து எடு. மிஞ்சினது எனக்கு."

பார்த்தேன். உண்மையிலேயே ஒன்று கொஞ்சம் பெரியதுதான். பெரியதை எடுத்துக்கொண்டேன். "திருடன்டா நீ" என்று சொல்லிவிட்டு அவன் சின்னதைக் கடித்தான்.

நோட்டில் அந்த வார்த்தைக்கு வலது பக்கம் அடித்த வார்த்தைகளுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. தமிழ் வார்த்தை எதுவும் எழுதவில்லை. 'ஏழரை மணி, வட ஷெட், கிழக்கு ஓரத்திலிருந்து இரண்டாவது ஜன்னல்' என்று எழுதி வைத்தேன்.